கேஸ் வீக் என்கிறார்கள். எந்தக் கோர்ட்டுக்கு வீக்?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. திருமணமாகி 11 வருடம் ஆகிறது. 9 வயதில் மகள், 6 வயதில் மகன். கணவருக்குச் சொந்தமாக இரண்டு லாரி. லோடு ஏற்றிப் போனால் எட்டு, பத்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். "அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பிள்ளைகள் டி.வி.யை அணைத்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். 2021-இல் அடித்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். 2023-இல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். "இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன்" என்று அவரிடமும், "மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று இவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போன பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி மாடிப்படியில் தள்ளிவிட்டிருக்கிறார், "கழுத்தையும் பிடித்தார்". மகள் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார்; "காலையில் பேசிக்கலாம்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் கோர்ட்டுக்கு வரமாட்டார். கல்யாணத்துக்குப் போட்ட 30 பவுன், லாரி வாங்கும்போது கணவர் பெயரில் அடகுக்குப் போனது இன்னும் திரும்பவில்லை. குடியிருக்கும் வீடு மாமியார் பெயரில் இருக்கிறது.

உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பார்த்தாராம். "சாட்சி இல்லை, கேஸ் வீக். ஆனால் வரதட்சணை கேட்டதாகச் சேர்த்து, மாமியார், நாத்தனார் பெயரையும் போட்டால் பயந்துகொண்டு பேச்சுவார்த்தைக்கு வருவார்கள்" என்று ஆலோசனை கிடைத்திருக்கிறது. அண்ணனோ, "தோற்கிற கேஸை எதுக்குப் போடறது? தோத்தா பொய்க் கேஸுன்னு உன்னைத்தான் உள்ளே வைப்பான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கடிதத்தில் நீங்கள் அரைவரியில் கடந்து போன ஒன்றைப் பேச வேண்டும். "கழுத்தையும் பிடித்தார்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நகைக்குப் போய்விட்டீர்கள். எலும்பு முறிந்ததைவிட எனக்குப் பயமாக இருப்பது இதுதான். குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கிற மருத்துவர்களும் போலீஸும், உயிருக்கு ஆபத்து நெருங்குவதன் முக்கிய அடையாளங்களில் ஒன்றாகக் கழுத்தை நெரிப்பதைக் கருதுகிறார்கள். வெளியே காயமே தெரியாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம். இப்போதும் விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், தலைசுற்றல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இனி ஒருமுறை அப்படி நடந்தால், கேஸ் வீக்கா ஸ்ட்ராங்கா என்ற யோசனையே வேண்டாம். 112 அல்லது 181, அதன் பிறகு ஆஸ்பத்திரி. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்போம். இந்த முறை பாத்ரூம் வேண்டாம்.

சரி, இப்போது கேஸுக்கு வருவோம்.

"கேஸ் வீக்" என்று வக்கீல்கள் நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 20 வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர் காதில் அது "நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள்" என்று விழுகிறது. நாங்கள் சொல்ல வருவது அதுவல்ல. குறிப்பிட்ட ஒரு கோர்ட்டில், அந்தக் கோர்ட் கேட்கிற அளவுக்கு நிரூபிக்கக் கையில் சரக்கு போதாது என்பதுதான் அதற்குப் பொருள். உங்கள் வக்கீல் பாதி சரியாகச் சொன்னார், எந்தக் கோர்ட் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஒரே அடி, இரண்டு தராசு

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குற்ற வழக்கு. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 498ஏ பிரிவை எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவாகிவிட்டது. தண்டனை அதேதான், மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும். உங்கள் விஷயத்தில் 2021, 2023 சம்பவங்கள் பழைய பிரிவிலும், பொங்கல் சம்பவம் புதிய பிரிவிலும் வரும். இந்த வழக்கில் நீங்கள் வாதி இல்லை, சாட்சி. அரசாங்கம்தான் வழக்கை நடத்தும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அதன் பலன் உங்கள் கணவருக்கு.

இன்னொன்று, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுப் போடுவதால் பலரும் இதையும் கிரிமினல் கேஸ் என்றே நினைக்கிறார்கள். கேட்கிற நிவாரணம் சிவில் தன்மையுடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே யாரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்பதில்லை. அடிக்காதே என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டைவிட்டு வெளியேற்றாதே என்ற உத்தரவு, செலவுக்குப் பணம், நகை, பிள்ளைகள் உங்களிடம் இருப்பது, இவற்றைக் கேட்கிறீர்கள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நடுவர் பார்ப்பார். உடம்பில் விழுந்த அடி மட்டுமல்ல, திட்டு, மிரட்டல், நகையை எடுத்துக்கொண்டு தராமல் இருப்பது எல்லாமே இந்தச் சட்டத்தின் 3-வது பிரிவில் வன்முறைதான்.

உங்களிடம் இருக்கிற ஒரு காகிதத்தை வைத்தே இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறேன். 2023-இல் அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாரே, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று. 'இனிமேல்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அதுவரை அடித்தது இருக்கிறது. குற்ற வழக்கில் இதைக் காட்டினால், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று அவருடைய வக்கீல் எழுந்து நிற்பார், சாட்சியச் சட்டமும் அவர் பக்கம் இருக்கும். குடும்ப வன்முறை மனுவில் அவர் குற்றம்சாட்டப்பட்டவர் இல்லை, எதிர்மனுதாரர். அங்கே அந்தக் காகிதத்தை ஒதுக்கித் தள்ளுவது அவருக்கு அவ்வளவு லேசு இல்லை. உங்களிடம் நகல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நகலையும் எழுதி வாங்கியவற்றின் நகலையும் கேளுங்கள்.

பாத்ரூம் கதை

இதை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் குன்றிப்போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. "நானே பொய் சொல்லிவிட்டேனே, இனி யார் நம்புவார்கள்?" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடிபட்டு வருகிற பெண்களில் பாதிப்பேர் பாத்ரூமில்தான் விழுந்திருப்பார்கள். நடுவர்களுக்கும் அது தெரியும். அதை மறைத்தால்தான் ஆபத்து. மறைத்துவிட்டு, குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினால் கதை முடிந்தது. அதனால் மனுவிலேயே நாம் முதலில் சொல்லிவிட வேண்டும்: இந்தத் தேதியில் இந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், கணவர் பக்கத்தில் நின்றார், பயந்துபோய் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன் என்று. எக்ஸ்ரேயும் தேதியும் அப்போது உங்கள் பக்கம் பேசத் தொடங்கும்.

அப்புறம், கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். "போய் கேஸ் போடு, நான் அடிச்சதை யாரு பாத்தா?" என்று அவர் பேசியதை நீங்கள் மிரட்டல் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அடித்ததை அவரே சொல்கிறார்! இது போலீஸிடம் சொன்னதும் இல்லை, உங்களிடம் சொன்னது. இரண்டு கோர்ட்டிலும் பயன்படும். அந்த போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப் சாட்டைத் தங்கையின் மெயிலுக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆக, நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெறுங்கையாக இல்லை.

மகளைச் சாட்சியாகக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்த குழந்தை சாட்சி சொல்ல சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் வேண்டாம். 9 வயதுக் குழந்தையை அப்பாவுக்கு எதிராகக் கூண்டில் ஏற்றாமலேயே உங்கள் மனுவை நடத்த முடியும்.

மாமியாரையும் நாத்தனாரையும் சேர்ப்பது

இதில் நான் உங்கள் வக்கீலோடு முழுதாக முரண்படுகிறேன். வரதட்சணை கேட்டதாக உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. நாத்தனார் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர். நடக்காததை எழுதினால், நடந்ததும் சேர்ந்து அடிபடும். ஒன்றில் பொய் சொன்னால் எல்லாமே பொய் என்கிற விதி நம் நாட்டில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் நீதிபதியும் மனிதர். நாத்தனார் எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு கேட்டார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டு நீங்கள் திணறுவதைப் பார்த்த பிறகு, மாடிப்படி சம்பவத்தை அவர் எந்த மனநிலையில் கேட்பார் என்று யோசியுங்கள்.

குடும்பத்தையே மொத்தமாகச் சேர்த்துப் பொத்தாம்பொதுவாகக் குற்றம்சாட்டும் புகார்களை உச்ச நீதிமன்றம் 2022-லும், மறுபடி 2024 டிசம்பரிலும் கடுமையாகப் பேசி ரத்து செய்திருக்கிறது. அது மட்டுமல்ல, மனைவி கொடுத்த பொய்யான குற்றப்புகாரே கணவருக்கு இழைத்த மனக்கொடுமை என்று சொல்லி விவாகரத்து கொடுத்த தீர்ப்பு 2014-இலேயே இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு இழுக்கப் போடுகிற வழக்கு, அவர் கையில் ஆயுதமாகிவிடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆன பிறகு, "சமாதானமாகிவிட்டோம், வாபஸ்" என்று நீங்கள் நினைத்த நேரத்தில் கையெழுத்துப் போட முடியாது. தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு நேரடியாகச் சமரசம் செய்துகொள்ளக்கூடியது இல்லை. இருவரும் உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தோற்றால் ஜெயிலா?

அண்ணனின் பயத்துக்கு வருகிறேன். 2014-இல் 498ஏ கைதுகளைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே ஒரு கணக்கைச் சொன்னது. 2012-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, இந்தப் பிரிவில் 93.6 சதவீத வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிறது, தண்டனையில் முடிவது 15 சதவீதம். இதைப் படித்துவிட்டு "மீதி 85 சதவீதமும் பொய்" என்று பேசுகிறவர்கள் நிறைய. நான் பார்த்தவரை, விடுதலையாகும் வழக்குகளில் பெரும்பகுதி வேறு விதத்தில் முடிகிறது: இடையில் சமாதானமாகி, முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லி மனைவி பிறழ் சாட்சி ஆகிவிடுவார், அல்லது வருடக்கணக்கில் இழுத்ததில் சாட்சிகள் வராமல் போவார்கள், அல்லது சந்தேகத்தின் பலன். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் என்று நிரூபணமாவது வேறு. தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்ததாக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க, நீங்கள் தெரிந்தே பொய் சொன்னீர்கள் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு மட்டும் அதற்குப் போதாது. நடந்ததை மட்டும் எழுதினால் இந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

அந்த இரண்டு எண்களிலும் எனக்கு வேறொரு கோபம் உண்டு. தேறாது என்று தெரிந்த வழக்கையும் ஏன் இத்தனை தாராளமாகக் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள்? அக்கம்பக்கத்தில் விசாரித்து, மருத்துவப் பதிவை வாங்கி, போன் அழைப்புகளைச் சேகரித்து வலுப்படுத்த வேண்டிய வழக்கை, மனைவியின் வாக்குமூலத்தை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் சாட்சி வீக் என்கிறார்கள். வீக்காகப் பிறக்கிற வழக்குகளைவிட, விசாரணையில் வீக்காக்கப்பட்ட வழக்குகள் அதிகம் என்பது என் அபிப்பிராயம். சக வக்கீல்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான் என்ன செய்யச் சொல்வேன்

முதல் வேலையாகக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் மனு. கணவர் மேல் மட்டும். கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் உங்களிடம் விசாரித்து டி.ஐ.ஆர். என்கிற குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையைத் தயாரித்துத் தருவார். அது இல்லாமலும் நேரடியாக மனுப் போடலாம், உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கிவிட்டது. 2021-இல் நடந்தது பழைய கதை, காலாவதி என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். மனுப் போட ஒரு வருடக் கெடு கிடையாது என்று அதே வருடம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி 15100.

மனுவோடு 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மொத்த வழக்கும் 60 நாளில் முடிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 60 நாளில் முடிந்த வழக்கை நான் பார்த்ததில்லை, வருடக் கணக்கு ஆகும். ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைக்கும், உங்களுக்கு இப்போது தேவை அதுதான். ஏன் என்று கேட்டால், பாதுகாப்பு உத்தரவு இருக்கும்போது அவர் கை வைத்தால், உத்தரவை மீறியதே தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அந்த வழக்கில் உங்கள் ஒருவருடைய சாட்சியத்தை வைத்தே கோர்ட் முடிவுக்கு வரலாம் என்று 32-வது பிரிவு சொல்கிறது. இன்று வீக் என்று சொல்லப்படுகிற உங்கள் நிலைமை, கையில் ஒரு உத்தரவு வந்த அன்றே மாறிவிடுகிறது.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உரிமையே இல்லை என்று நினைக்காதீர்கள். கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், நீங்கள் நிலையாகக் குடும்பம் நடத்திய வீடு என்றால் அங்கே வசிக்க உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளின் அந்த உரிமையை ஒரேயடியாகப் பறித்துவிட முடியாது என்று அதே வருட டிசம்பரில் இன்னொன்று. ஆனால் மாமியாரின் உரிமையையும் கோர்ட் பார்க்கும். வாடகைக்கு வேறு வீடு எடுத்துக் கொடுக்கச் சொல்லவும் கூடும். அவரோடு ஒரே கூரையில் இருக்க நீங்களே விரும்பாவிட்டால், அதையே கேட்டுவிடலாம்.

நகைக்கு அடகு ரசீதின் போட்டோவும் கல்யாண ஆல்பமும் போதுமான தொடக்கம். ஜீவனாம்சத்துக்கு இருவருமே சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். லாரிகளின் ஆர்.சி. எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், "எனக்கு வருமானமே இல்லை" என்பார்.

குற்ற வழக்கு? பொங்கல் சம்பவத்தைப் பற்றி மட்டும், அவர் பெயரை மட்டும் போட்டு, ஒரு பக்கத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். கழுத்தைப் பிடித்தது அதில் கட்டாயம் இருக்கட்டும். குடும்பத் தகராறு என்பதால் எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணை என்று மறுபடி கூப்பிடலாம், அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. இந்த முறை "மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு தண்டனையில் முடியுமா என்றால், முடியாமல் போகலாம். அதை நம்பி உங்கள் பாதுகாப்பை ஒத்திப்போட வேண்டாம் என்பதற்காகத்தான் முதலில் மனுவைச் சொன்னேன்.

கோர்ட் நோட்டீஸ் அவர் கையில் சேருகிற வாரம்தான் என் அனுபவத்தில் மோசமான வாரம். அவர் லோடு ஏற்றிப் போயிருக்கும் நாளாகப் பார்த்து மனுவைத் தாக்கல் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், எக்ஸ்ரே, அடகு ரசீது எல்லாவற்றையும் முன்கூட்டியே தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கேயே தங்க நேர்ந்தால், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலும் மனுப் போடலாம்.

கடைசியாக ஒன்று. சாட்சியே இல்லை என்று சொல்கிற உங்கள் அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி நீங்கள் அழுதுகொண்டே போன் செய்தது அவருக்குத்தான். அடிபட்ட சற்று நேரத்தில் நீங்கள் சொன்னதைக் காதால் கேட்டவர், கோர்ட்டில் சொல்லத் தகுதியான ஆள். அந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று அவருடைய போனில் பார்க்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார், அது அவர் இஷ்டம். அண்ணன் வருவாரா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.